கொப்பிக் கடனுக்கு ஒரு வருடம்தான்: கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கான சட்ட விளக்கம்

சுன்னாகத்திலோ யாழ். பெரியகடையிலோ மொத்த வியாபாரம் செய்பவர்களில் பலர், கொப்பியில் எழுதிய கடனை எத்தனை வருடம் கழித்தும் வழக்குப் போட்டு வாங்கலாம் என்று நம்பியிருக்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்காது. விற்று ஒப்படைத்த பொருள், கடை பில், கொப்பிக் கடன் எல்லாவற்றுக்கும் காசு கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஆகவே "கட்ட வேண்டிய நாள்" பில்லிலேயே இருக்கட்டும். 2025 ஜனவரி 10இல் 30 நாள் தவணைக்குச் சரக்குக் கொடுத்தால் காசு வர வேண்டிய நாள் பெப்ரவரி 9; வருடம் அங்கிருந்துதான் ஓடும். தவணை எழுதாவிட்டால் சரக்கு இறக்கிய நாளே கணக்கு என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனி வருடம் என்பதால், கொப்பியின் கடைசி மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பழைய பில்கள் சத்தமில்லாமல் செத்துவிடும்.

வருடம் முடிய முன்னர் சரக்கு வாங்கிய கடைக்காரரிடம் நிலுவைக் கடிதம் ஒன்று வாங்குங்கள். கடனை அவர் எழுத்தில் ஒப்புக்கொள்வதால் அந்த ஒரு வருடம் புதிதாக ஓடத் தொடங்கும். "2025.09.30 வரை உங்களிடம் வாங்கிய சரக்குக்கு ரூபா 485,000 தர வேண்டியுள்ளது" என்று பில் இலக்கங்களுடன் எழுதினால் போதும். கையொப்பம் கடைக்காரருடையதாக, அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவருடையதாக இருக்க வேண்டும். கடையில் நிற்கும் பெடியன் போட்ட கையொப்பம் வழக்கில் நிற்காமல் போகலாம். "தாறன் அண்ணை, அடுத்த கிழமை பாப்பம்" என்ற வாய்ப்பேச்சுக்கு அதே கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மதிப்பே இல்லை. பகுதிப் பணம் வாங்கினால் எந்த பில்லுக்கு என்று ரசீதில் குறித்து இருவரும் ஒப்பமிடுங்கள்.

புறோநோட்டுக்கும் (காசு தருவதாக எழுதிக் கையொப்பமிட்ட கடன் பத்திரம்) செக்குக்கும் 6 வருடம் உண்டு. அதைவிடப் பெரிய வசதி, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 703ஆம் பிரிவின் கீழ் சுருக்க முறையில் வழக்குப் போடலாம். அதில் எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே எதிர்வாதம் செய்ய முடியும். ஆனால் செக்கை 6 மாதத்துக்கு மேல் லாச்சிக்குள் வைத்திருந்தால் வங்கி பழைய செக் என்று திருப்பிவிடும். திரும்பிய செக்கையும் வங்கியின் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். புதிய செக் தருகிறேன் என்றால், அதன் காசு கணக்கில் ஏறும் வரை பழையதைக் கொடுக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

கணக்கில் காசில்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றம். "தெரிந்தே" என்பதை நிரூபிப்பதுதான் கஷ்டம்.

வாங்குபவரைப் புதிதாகச் சேர்க்கும்போது அவரது கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை அவரையே எடுத்துத் தரச் சொல்லலாம். வியாபாரி நேரடியாக எடுக்க முடியாது. வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ளவர்கள், காசு வராவிட்டாலும் பில்லில் போட்ட 18% வரியை உரிய நாளில் கட்ட வேண்டும் என்பதையும் தவணை கொடுக்கும்போதே கணக்கில் எடுங்கள்.

தொகை சிறியதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்றே நீதிமன்றம் செல்ல வேண்டிவரும். அதற்கும் மாதங்கள் போகும். ஆகவே காசு கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒன்பதாம் மாதத்திலேயே சட்டத்தரணியிடம் பில்களைக் கொடுத்துவிடுங்கள்.