டார்த் வேடருக்கு ஏன் மூச்சு வாங்குவதில்லை?

1977ஆம் ஆண்டு வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், வெண்ணிறத் தாழ்வாரத்தில் மண்டிய புகையைக் கடந்து கதையின் வில்லன் டார்த் வேடர் உள்ளே வருகிறார். அந்தக் கறுப்புக் கவசத்தை விடவும் நம்மைக் கலங்க வைப்பது அதற்குள்ளிருந்து வரும் மூச்சொலிதான். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் நின்றாலும் நடந்தாலும் வாள் வீசினாலும் அது ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. இரண்டு மாடி ஏறினாலே நமக்கு மூச்சு வாங்குகிறது. அவருக்கு மட்டும் ஏன் வாங்குவதில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் கவசத்தின் உள்ளமைப்பு முழுவதையும் ஊகித்துவிடலாம்.

முகமூடி பிறந்த கதையே மூச்சோடு தொடர்புடையது. சாமுராய் வீரர்களின் தலைக்கவசத்தை ஒத்த தோற்றம் வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் விரும்பினார். ஆனால் ஆரம்பத் திரைக்கதையில் வேடர் ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிடத்தின் வழியே கடக்க வேண்டியிருந்ததால், அவருக்குச் சுவாசக் கருவி தேவைப்படுமே என்று ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி யோசித்து அந்த முகத்தை வரைந்தார். பின்னர் கதை வளர்ந்தபோது, சற்று நேரத்துக்கான அந்தக் கருவி வாழ்நாள் முழுவதும் கழற்ற முடியாததாக மாறியது. முன்கதையைச் சொல்லும் 2002ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு கையை இழந்தவர், 2005ஆம் ஆண்டுப் படத்தில் முஸ்தஃபார் என்னும் எரிமலைக் கோளில் மற்றொரு கையையும் இரு கால்களையும் இழந்து, எரிகுழம்பின் கரையில் தீப்பற்றி எரிகிறார்.

அப்படி எரியும் ஒருவர் உள்ளிழுக்கும் காற்று என்ன செய்யும்? சுடுகாற்று முதலில் தொண்டையை வீங்க வைத்து மூச்சுப் பாதையை அடைக்கும். எரிமலை வாயுக்களில் உள்ள கந்தக டை ஆக்சைடு, மூச்சுப் பாதையின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி அதன் உட்சுவரை அரிக்கும். நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது. அந்தச் சுவர் புண்ணாகி ஆறினால் தழும்பேறித் தடித்துவிடும்; பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகும். விறைத்த நுரையீரலை ஒவ்வொரு மூச்சுக்கும் விரிக்க மிகுந்த விசை வேண்டும். விலாத் தசைகளும் உதரவிதானமும் அந்தச் சுமையை ஓயாமல் தாங்க மாட்டா.

ஆகவே காற்றை உள்ளே தள்ள ஓர் இயந்திரம் தேவை. மருத்துவ வரலாற்றில் இதற்கு இரு வழிகள் உண்டு. 1928ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு சிறுமிக்குப் பயன்படுத்தப்பட்ட இரும்பு நுரையீரல், நோயாளியின் உடலைக் கழுத்துவரை ஓர் உருளைக்குள் வைத்து, சுற்றியுள்ள அழுத்தத்தைக் குறைத்து மார்பை விரிய வைத்தது. 1952ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலுக்குள் நேராகக் காற்றைச் செலுத்தும் வழியைக் கையாண்டார். போதிய கருவிகள் இல்லாததால் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலுமாக, ரப்பர் பைகளைக் கையால் அழுத்தி நோயாளிகளை வாழவைத்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவும் வெண்டிலேட்டரும் அந்த மாணவர்களின் கைகளிலிருந்து வளர்ந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சி உண்டாகிறது. வேடரின் முகமூடியும் அவர் கவசத்தின் மார்பில் உள்ள பெட்டியும் இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. அந்த மூச்சொலியை உருவாக்கிய ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், காற்று உருளையைச் சுமந்து நீருக்குள் மூழ்கும் ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வாயில் கவ்வும் ரெகுலேட்டருக்குள் சிறிய மைக்ரோஃபோனை வைத்துத் தன் மூச்சையே பதிவு செய்தார். ரெகுலேட்டருக்குள் மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. காற்றை உறிஞ்சத் தொடங்கியதும் ரெகுலேட்டரின் உள்ளறையில் அழுத்தம் குறைய, சவ்வு உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்துகிறது. வால்வு திறந்து, உருளையிலிருந்து வரும் காற்று சீறிக்கொண்டு பாய்கிறது. உறிஞ்சுவதை நிறுத்தினால் சவ்வு பழைய நிலைக்கு மீள, வால்வு மூடுகிறது. வெளிவிடும் மூச்சு வேறொரு ஒருவழி வால்வின் வழியே போகிறது. அதாவது, அந்தக் கருவி மனிதன் கேட்கும்போது மட்டும் காற்றைக் கொடுக்கும், தாளம் மனிதனுடையது. வேடரின் மூச்சோ கடிகாரம்போல் ஒரே சீராக இருக்கிறது. ஒலி முக்குளிப்பவருடையது, தாளம் வெண்டிலேட்டரில் கிடக்கும் நோயாளியுடையது.

தாளம் இயந்திரத்தின் கையில் இருந்தால் சண்டையின்போது என்ன ஆகும்? ஓய்வில் இருக்கும் மனிதர் ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் வீதம், நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கடும் உழைப்பில் அது 100 லிட்டரையும் தாண்டும். உழைக்கும் தசைகள் ஆக்சிஜனைக் கேட்பதும், அவை வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் சேர்வதுமே அதற்குக் காரணம். மூச்சு கூடாவிட்டால் இரத்தம் அமிலத்தன்மை அடைந்து தலை கிறுகிறுக்கும். சற்று நேரத்தில் நினைவே தப்பிவிடும்.

விடை அவர் இழந்த உறுப்புகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடும் உழைப்பில் இதயம் அனுப்பும் இரத்தத்தில் பெரும்பகுதி தசைகளுக்கே போகிறது. அவற்றுள்ளும் தொடைகளே பெரும் பங்கைக் கேட்கும். வேடரின் கைகால்களோ இயந்திரங்கள். அவர் வாளை வீசும்போது ஆற்றலைச் செலவிடுவது மின்கலம், தசை அன்று. மோட்டாருக்கு ஆக்சிஜன் தேவையில்லை. எஞ்சிய உடல் கிட்டத்தட்ட ஓய்வில் இருப்பதால் மூச்சின் வேகம் கூட வேண்டியதில்லை.

ஆனால் அதே இழப்பு வெப்பத்தில் சிக்கலை உண்டாக்கும். ஓய்விலும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆழமாக வெந்த தோலில் வியர்வைச் சுரப்பிகள் மீண்டும் முளைப்பதில்லை. கைகால்கள் போனதால் வெப்பம் வெளியேறும் பரப்பும் குறைந்துவிட்டது. இதன்மேல் காற்றுப் புகாத உறையைப் போர்த்தினால் உடல் வெந்துபோகும். விண்வெளி வீரர்கள் இதற்காகவே, ஏறக்குறைய 90 மீட்டர் நீளமுள்ள நுண்குழாய்கள் பின்னிய உள்ளாடையை அணிகிறார்கள். குழாய்களில் ஓடும் குளிர்ந்த நீர் உடலின் சூட்டை அள்ளிச் செல்கிறது. வேடரின் கவசத்துக்குள்ளும் அப்படியொன்று இருந்தே ஆக வேண்டும்.

1983ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில், வேடரின் எஜமானனான பேரரசன் ஏவிய மின்னல்கள் கவசத்தின் ஊடே பாய்ந்த பிறகு அந்தத் தாளம் உடைகிறது. மூச்சு கரகரத்துத் திணறுகிறது. முகமூடியைக் கழற்றச் சொல்லி மகனிடம் கேட்கிறார். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் உடலில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ஆக்சிஜன் கையிருப்பில் இருக்கும். ஓய்வில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவாகும். தழும்பேறிய நுரையீரலில் அந்தக் கையிருப்பு இன்னும் குறைவு. கருவியின் உதவியின்றி, தளர்ந்த உதரவிதானம் இழுத்துத் தரும் சிறு மூச்சுகளோடு, அவருக்கு எஞ்சியிருப்பவை சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் அவர் தன் சொந்தக் குரலில் பேசுகிறார். இடையில் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் மகனின் முகத்தைப் பார்க்கிறார்.