முதலாளியும் வகுப்பில் உட்கார வேண்டும்

மன்னார்குடிப் பக்கத்து நவீன அரிசி ஆலை ஒன்றில் குருணை அதிகமாக விழுகிறது என்று என்னை அழைத்திருந்தார்கள். சுவரெங்கும், வேலையிடத்தை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைத்துக்கொள்ளும் ஜப்பானிய '5 எஸ்' முறையின் பலகைகள். நெல்லைக் காயவைக்கும் இயந்திரமான ட்ரையரின் ஆபரேட்டரிடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாதமாக இறக்கிய லாட் அத்தனைக்கும் ஈரப்பதம் 14 சதவீதம் என்று ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது.

அவித்த நெல்லில் ஏறக்குறைய 35 சதவீத ஈரம் இருக்கும். அதை ஒரே மூச்சில் 14க்குக் காயவைத்தால், மேற்புறம் முந்திக் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கி, அரிசியில் மயிரிழை விரிசல் கண்டு, அரைவையில் உடைந்துவிடும். ஆகவே 18 சதவீத அளவில் நிறுத்திச் சில மணி நேரம் ஆறப்போட்ட பிறகே மீண்டும் காயவைக்க வேண்டும். இரவு ஷிப்டில் அடுத்த அவியல் காத்து நின்றதால் ஆறப்போடுவதையே விட்டுவிட்டார்கள். நெல் சில நாள் கூடுதலாகக் காய்ந்தும், சில நாள் ஈரத்தோடும் இறங்கியது. ஆபரேட்டருக்கு இதெல்லாம் தெரியும். வேறு எண்ணை எழுதினால் ஏச்சு விழும் என்பதும் தெரியும்.

1950இல் ஜப்பான் சென்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பாடம் நடத்தியதோடு நில்லாமல் நிறுவனத் தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். பின்னாளில் அவர் வகுத்த 14 கொள்கைகளில் எட்டாவது, வேலையிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுவது. நம் ஊர்களில் பலகைகளை வாங்கி மாட்டினோம், மேற்பார்வையாளர்களை வகுப்புக்கு அனுப்பினோம். இந்த எட்டாவது பாடம் யாரைக் குறித்ததோ அவர் மட்டும் வரவில்லை. நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்பவர்களிடம், சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்காக ஜப்பானில் அவர் பெயரால் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இலேயே பெற்றதை நான் தவறாமல் சொல்வேன். அங்கே வேலை செய்தவர்களும் நம் ஆட்கள்தாம்.

மன்னார்குடி முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: இரண்டு வாரம் இரவு ஷிப்டில் ட்ரையர் அருகே இருங்கள், எந்த எண் வந்தாலும் ஏசாதீர்கள். நான்காம் நாள் பதிவேட்டில் முதன்முறையாக 16.2 என்று இருந்தது. பக்கத்தில் 'ஆறப்போட இடமில்லை' என்று ஆபரேட்டர் தன் கையால் எழுதியிருந்தார். அந்த மாதமே ஆறப்போடுவதற்கென்று தனித் தொட்டி கட்டும் வேலை தொடங்கியது.