வைரஸ் மேல என்னங்க "அடக்குமுறை"?

போன வாரம் மறுபடியும் கண்ணுல பட்டுச்சு. எச்ஐவி சிகிச்சை பத்தின ஒரு நோட்டீஸ்ல "வைரல் அடக்குமுறை அடைந்தவர்கள்"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. அடக்குமுறைன்னா தடியடி, எமர்ஜென்சி, 144 தடை உத்தரவு. தினமும் ஒரு மாத்திரை போடுறவர் ரத்தத்துல அது எங்க இருந்து வந்துச்சு? முன்னாடி அந்த "வைரல்" வேற, ஏதோ வாட்சப்புல சுத்துற வீடியோவ அமுக்கிட்டாங்க போலனு தான் படிக்கிறவன் நினைப்பான்.

மூலச்சொல் வைரல் சப்ரெஷன். லத்தீன்ல வைரஸ்னா நஞ்சு, சப்ரெஷனுக்கு வேர் கீழ வச்சு அமுக்குறது, அவ்ளோதான் கதை. மருத்துவத்துல அர்த்தம் என்னன்னா, கூட்டு மருந்து ஒழுங்கா எடுத்தா வைரஸ் தன்னைத்தானே நகல் எடுக்க முடியாம ரத்தத்துல அளவு ரொம்ப கொறஞ்சிடும். ஒரு மில்லி ரத்தத்துல 1000 வைரஸ் நகல் இல்ல அதுக்குக் கீழ இருந்தா உலக சுகாதார நிறுவனம் சப்ரெஸ்டுனு சொல்லுது, அமெரிக்காவுல 200க்குக் கீழ. ஆனா வைரஸ் போயிடல. நோய் எதிர்ப்புக்கு உதவுற சில சிடி4 செல்லுக்குள்ள சத்தமில்லாம பதுங்கி இருக்கும், மருந்த நிறுத்தினா பெரும்பாலும் சில வாரத்துலயே தலையத் தூக்கிடும். இந்தப் பதுங்கல் தமிழ்ச் சொல்லுல தெரியணும், என் சண்டையே அதுக்குத்தான்.

அடக்குமுறையாவது சிரிப்போட போயிடும், "வைரஸ் ஒழிப்பு"னு எழுதுறாங்களே அது ஆபத்து. எச்ஐவிக்கு கூட்டு மருந்து தர்ற ஏஆர்டி சென்டர்ல கவுன்சிலரா இருக்கிற தோழி சொன்னா, ஒருத்தர் துண்டுச்சீட்ட நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிருந்தாராம், எடுத்துக் காட்டி "ஒழிச்சாச்சுன்னு போட்டிருக்கே மேடம், அப்புறம் எதுக்கு மாத்திரை"னு கேட்டிருக்கார். அதுக்குள்ள மூணு மாசம் நிறுத்தியாச்சு. அவர் மேல என்ன தப்பு? பெரியம்மைய ஒழிச்சோம், போலியோ ஒழிப்புக்கு சொட்டு மருந்து போட்டோம், ஒழிப்புனா இனிமே இல்லன்னு தான நமக்கு அர்த்தம்.

சரி, "வைரஸ் அடக்கம்"? கேக்கும்போதே மாலை வாங்கிட்டுப் போகணும்னு தோணுது, இன்னைக்கு மாலை 4 மணிக்கு நல்லடக்கம்ங்கிற மாதிரி. "கட்டுப்பாடு" பரவால்ல, சுகர் கண்ட்ரோல்ல இருக்குங்கிற மாதிரி பேச்சுல ஒட்டும், ஆனா எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்னு ஊருக்கே நோய் பரவாம தடுக்குற வேலைக்கு அந்தச் சொல்ல ஏற்கனவே கொடுத்தாச்சு, ஒரு ஆளோட லேப் ரிப்போர்ட்டுக்கும் அதையே வச்சா குழப்பம்.

என் ஓட்டு "வைரஸ் ஒடுக்கம்" தான். ஊக்கமுடையான் ஒடுக்கம், முட்ட வர்ற கிடா பின்வாங்குற மாதிரினு குறள்லயே இருக்கு. கிடா பயந்து பின்னாடி போகல, சமயம் பாக்குது, விட்டா முட்டும். நம்ம வைரஸும் அதே கதை தான! இன்னொன்னு, ஒடுக்கு வேற ஒடுங்கு வேற. மருந்து ஒடுக்குது, வைரஸ் ஒடுங்கி இருக்கு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல், நமக்கு வினையிலயே பிரிச்சுச் சொல்ற வசதி இருக்கு, அத விட்டுட்டு முறை, நிலை, மயம்னு பின்னாடி வாலு ஒட்டுறாங்க. ஒடுக்குமுறைனு மட்டும் ஆக்கிடாதீங்க, மறுபடி போலீஸ் வந்துடும்.

வைரஸுக்குத் தனித்தமிழ்ல தீநுண்மி, அதனால "தீநுண்மி ஒடுக்கம்"னு எழுதணும்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். கொரோனா நேரத்துல நானும் ஆசையா அந்தச் சொல்ல எழுதினவன் தான். ஆனா மாத்திரை டப்பாவோட வரிசையில நிக்கிறவர் வைரஸ்னு தான் சொல்றார், அவருக்குப் புரியாத தூய்மை எனக்கு வேணாம்.

கொடுமை என்னன்னா அதே நோட்டீஸ்ல சப்ரெஸ்டுக்கும் அன்டிடெக்டபிளுக்கும் ஒரே சொல். அன்டிடெக்டபிள்னா ரத்தத்துல வைரஸ் அளவ எண்ணுற டெஸ்டுலயே வைரஸ் சிக்காத அளவு, ரிப்போர்ட்ல டிஎன்டினு (டார்கெட் நாட் டிடெக்டட்) வரும். அந்த அளவுல தொடர்ந்து இருக்கிறவர்கிட்ட இருந்து உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது, ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருக்கிற ஜோடிகள வச்சு நடத்தின பார்ட்னர்ங்கிற ஆய்வுல ஆணுறை இல்லாம இருந்தவங்ககிட்டயும் அப்படி ஒரு பரவல்கூட இல்ல. கல்யாணத்தப் பத்தி யோசிக்கிறவருக்கு இது எவ்ளோ பெரிய சேதி! இத "கண்டறிய இயலாத நோயாளி"னு போட்டிருக்கான் மொழிபெயர்ப்பாளன், ஏதோ ஆளே காணாமப் போன மாதிரி. கண்டறிய முடியாதது வைரஸோட அளவுய்யா, ஆள் இல்ல. வைரஸுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற பொருளத் தேடுற ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தா அப்பவும் பாசிட்டிவ்னு தான் வரும், அதையும் சேத்து எழுதலனா வேற லேப்ல டெஸ்ட் எடுத்துட்டு மனுஷன் பதறிப் போயிடுவார்.

தோழிகிட்ட நீ எப்படிச் சொல்வேனு கேட்டேன். "வைரஸ் ஒடுங்கிக் கெடக்குங்கண்ணா, மாத்திரைய விட்டா எந்திரிச்சுடும்"னுதான் சொல்றாளாம்.