ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான்

போன வருடம் மார்கழியில், ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். பொலித்தீன் பையைப் பிரித்து, நனையாமல் கொண்டுவந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மகனைப் பொலிஸார் காரணம் சொல்லாமல் பிடித்துப் போய் அடித்திருக்கிறார்கள். முதுகுக் காயங்கள் ஆஸ்பத்திரித் துண்டில் இருந்தன. நான் தேதியைப் பார்த்தேன். மூன்று மாதம் தாண்டியிருந்தது.

"இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?"

"தோட்டத் தலைவர்கிட்ட சொன்னோம் ஐயா. பேசிப் பார்க்கிறேன்னாரு. அப்புறம் தீபாவளி வந்திருச்சி."

இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, பொலிஸோ பிரதேச செயலகமோ அரச பாடசாலையோ நம் அடிப்படை உரிமையை மீறினால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். நம் கையை மீறிய காரணத்தால் தாமதித்தால் நீதிமன்றம் சில வேளை இரங்கும். தலைவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்படியொரு காரணமாக எடுபடாது. (தோட்டக் கம்பனி தனியார் என்பதால், தோட்டத்தை நடத்தும் துரையோடுள்ள பிரச்சினைக்குப் பெரும்பாலும் இது வழியல்ல.)

கோர்ட்டுக்குப் போய் நமக்கு என்ன கிடைத்தது என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. மலையகத் தமிழரான நம் பிரஜாவுரிமையும் வாக்கும் பறிபோனபோது கோடக்கன் பிள்ளை வழக்கு, அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு நேரே மனுப் போடும் இந்த வழி 1978 அரசியலமைப்போடு வந்தது. அதை அகலமாக்கியவர்கள் நீதிபதிகள். தடுப்புக்காவலில் இறந்தவரின் மனைவி மனுப் போடலாமா என்று அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் இல்லை. போடலாம் என்று 2003இல் தீர்ப்புச் சொன்னார்கள். 2007 ஜூன் 7ஆம் தேதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. வசதியில்லாதவர் எழுதி அனுப்பும் முறைப்பாட்டையே மனுவாக ஏற்க 1990ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் இடமிருக்கிறது. இவ்வளவும் இருந்தும், நம் ஆட்கள் வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

கொழும்புக்குப் போக முடியாவிட்டால், அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அல்லது பதுளை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நடந்தது என்று பிறகு காட்ட வேண்டிவரும். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சட்டத்தில் ஒரு மாதக் கட்டு இல்லை. ஆனால் வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை.

தோட்டத் தலைவர்மாரே, பேசிப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. யாராவது அடிபட்டு வந்தால் முதலில் "எப்ப நடந்தது?" என்று கேட்டு, தேதியை ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.