டேக்: குறிச்சொல்

கோண அடைப்புக்குறிக்குள் நிற்கும் பெயர்தான் டேக். பெருங்கணினியின் முனையத்திரையை நம் கணினியில் காட்டும் ஐபிஎம் ஹோஸ்ட் ஆன்-டிமாண்ட் என்ற டெர்மினல் எமுலேட்டரில் பதிவான மேக்ரோவை, அதாவது தானாக ஓடும் செயல்வரிசையை, திறந்தால், திரை முழுக்க இவைதான்.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் ஆடையோரத்தில் தொங்கும் துணித்துண்டைக் குறித்தது. பின்னர் நாடா நுனியின் உலோகப் பூணுக்கும், சரக்கில் கட்டும் சீட்டுக்கும் பெயரானது. ஆவணத்தின் பகுதிகளுக்குப் பெயர்ச்சீட்டு வைக்கும் முறையை 1969இல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் ஜிஎம்எல் என்ற குறியீட்டு மொழியாக வளர்த்தார்கள். அதன் வழியில் 1986இல் எஸ்ஜிஎம்எல், 1998இல் எக்ஸ்எம்எல். மேக்ரோ எழுதப்படுவது இந்த எக்ஸ்எம்எல்லில்தான்.

தமிழில் 'ஒட்டு' என்றும் எழுதுகிறார்கள். 'குறிச்சொல்' மேல், குறியாக நிற்கும் சொல் என்பது கேட்டதும் விளங்குகிறது. ஆனால் குறிச்சொல் வேறு, உறுப்பு வேறு. தொடக்கக் குறிச்சொல், உள்ளடக்கம், முடிவுக் குறிச்சொல் மூன்றும் சேர்ந்ததே உறுப்பு, அதாவது எலிமென்ட். "ஸ்கிரீன் டேக்கை நீக்கு" என்றால் ஒரு வரியை நீக்குவதா, அந்தத் திரைக்கான பகுதி முழுவதையுமா?

<ஸ்கிரீன் நேம்="லாகின்">
  <ஆக்‌ஷன்ஸ்>
    <இன்புட் வேல்யூ="அ&#38;ஆ" />
  </ஆக்‌ஷன்ஸ்>
</ஸ்கிரீன்>

இங்கே பெயர்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். எக்ஸ்எம்எல் விதி இதைத் தடுப்பதில்லை. ஆனால் எமுலேட்டருக்குத் தன் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே தெரியும். பதிவான மேக்ரோவில் உள்ள எழுத்துகளை, பெரியது சிறியது உட்பட, அப்படியே வையுங்கள்.

கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். ஆக்‌ஷன்ஸை மூடாமல் ஸ்கிரீனை மூடினால் ஓர் அடிகூட ஓடாது; மேக்ரோ முழுவதும் நிராகரிக்கப்படும். உள்ளடக்கம் இல்லாத இன்புட் போன்றவை இறுதியில் / இட்டு அங்கேயே முடிந்துவிடும். முழு மேக்ரோவையும் சுற்றி ஹெச்ஏஸ்கிரிப்ட் என்ற ஒரே வேர் உறுப்பு இருக்கும். அதிலுள்ள டைம்அவுட், பாஸ்டைம் ஆகியவை பண்புக்கூறுகள், அதாவது தொடக்கக் குறிச்சொல்லுக்குள் பெயர்="மதிப்பு" என எழுதும் விவரங்கள். இவற்றின் அளவு மில்லிவினாடி: 60000 என்றால் ஒரு நிமிடம்.

பண்புக்கூறின் மதிப்பு எண்ணானாலும் மேற்கோள்குறிக்குள்தான் வர வேண்டும். அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது நேரான " குறி வளைந்த “ ” ஆகிவிடுகிறது. கண்ணுக்கு வித்தியாசம் சிறிது. மேக்ரோவைப் படித்துப் பிரிக்கும் நிரலான பாகுபடுத்திக்கு அது மேற்கோள்குறியே அல்ல. ஆகவே சாதாரண உரைத் தொகுப்பியிலேயே திருத்துங்கள். மதிப்புக்குள் & வேண்டுமென்றால் மேலே உள்ளதுபோல் &#38;, < வேண்டுமென்றால் &#60;.

யூஸ்வார்ஸ் பண்புக்கூறை ட்ரூ ஆக்கி மாறிகளை, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர்களை, பயன்படுத்தும் மேக்ரோவில் இன்னோர் அடுக்கு உண்டு. சரத்துக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, இரட்டை மேற்கோளுக்குள் ஒற்றை மேற்கோளும் தேவை: வேல்யூ="'வணக்கம்'". அது இல்லாவிட்டால் எக்ஸ்எம்எல் இலக்கணம் சரியாகவே இருக்கும், ஆனால் வணக்கம் என்பது சரமாகக் கொள்ளப்படாமல் பிழை வரும். சரத்தின் நடுவே ஒற்றை மேற்கோள் வந்தால் அதற்கு முன் \ இடுங்கள். \ குறியே வேண்டுமென்றால் \\.