காம்பிட்டுன்னா பலி இல்ல, காலிடறி

காரைக்குடி பக்கம் பசங்க செஸ் ஆடுற இடத்துல கொஞ்ச நேரம் நின்னா போதும், 'காம்பிட் போடுறான்டா, எடுக்காத'ன்னு ஒரு தடவையாவது காதுல விழும். தமிழ்ல எழுத வந்தா மட்டும் 'பலியாட்டம்'னு எழுதிடுறாங்க, எனக்கு அது ஒட்டவே இல்ல.

ஆட்டம் ஆரம்பிச்ச நாலஞ்சு நகர்த்தலுக்குள்ளயே ஒரு காய, பெரும்பாலும் ஒரு சிப்பாய, 'இந்தா எடுத்துக்கோ'ன்னு நீட்டிட்டு அதுக்குப் பதிலா நம்ம காயெல்லாம் வேகமா வெளிய வர வழி பண்ணிக்கிறதுதான் காம்பிட். நடு ஆட்டத்துல யானைய வெட்டுக்குடுத்து ராஜாவ மடக்குறோமே, பலின்னா அதைச் சொல்லலாம்.

சொல்லு பொறந்தது இத்தாலியில. அங்க 'காம்பா'ன்னா காலு, 'காம்பெட்டோ'ன்னா மல்லுக்கட்டுறப்ப காலைக் குடுத்து எதிராளிய இடறி விடுறது, அதை ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபெஸ் 1561-ல செஸ்ஸுக்குள்ள கொண்டாந்தார். பலிங்கிற பேச்சே அதுல கிடையாது, எல்லாம் காலு சமாச்சாரம். நம்மகிட்டயும் 'காலை வாருறது' இருக்கு, ஆனா அது கூட இருந்தவன் பண்ற துரோகம், காம்பிட்டு எதிராளி கண்ணு முன்னாடியே நடக்குது. அதனால நான் 'காலிடறி'ன்னு சொல்றேன். வெள்ளை டி4, சி4-ன்னு (எழுத்து நெடுக்கு வரிசை, எண்ணு அதுல எத்தனாவது கட்டம்னு) இடற வர்றப்ப கறுப்பு டி5 போட்டு அடுத்து இ5-ன்னு திருப்பி இடறுதுல்ல, அந்த ஆல்பின் கவுண்டர் காம்பிட்டுக்கு 'எதிர்க் காலிடறி' அப்படியே பொருந்தும்.

கறுப்புல ஆடுறவங்களுக்கு நான் காட்டுறது பெங்கோ காம்பிட். வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6, வெள்ளை சி4, கறுப்பு சி5, வெள்ளை டி5, உடனே கறுப்பு பி5! வெள்ளை வெட்டும், ஏ6 போடணும், அதையும் வெட்டும், பிஷப்பால திருப்பி எடுத்தா கறுப்புக்கு ஒரு சிப்பாய் கம்மிதான். ஆனா ஏ, பி ரெண்டு வரிசையும் யானைகளுக்குத் திறந்து கிடக்கு, ஜி7 பிஷப் மூலைக்கு மூலை பாக்குது, வெள்ளையோட ஏ2, பி2 சிப்பாய்ங்க ஆட்டம் முழுக்க அடி வாங்கும், ராணி ரெண்டும் வெட்டுப்பட்டு போனாலும் அந்த நெருக்கடி தீராது, மத்த காம்பிட்டு பலதுல ராணி போனா வேகமும் போயிரும்.

போன லீவுல எங்க வீட்டு முகப்புல, ஆத்தங்குடிக் கல்லு மேல போர்ட விரிச்சு தம்பி மகனுக்கு இதைத்தான் சொல்லிக்குடுத்தேன். பி5 வச்சதும் திண்ணையில இருந்த ஐயா எட்டிப் பாத்து "ஏப்பா, சும்மா தூக்கிக் குடுக்குற?"ன்னாங்க. பர்மாவுல வட்டிக்கடை பெட்டியடியில உக்காந்த குடும்பம், கணக்கு அப்படித்தான் கேக்கும். "கொஞ்சம் பொறுங்க ஐயா"ன்னேன். இருபது நகர்த்தல் கழிச்சு ரெண்டு யானையும் ஏ, பி வரிசையில நிக்க, வெள்ளை அந்த ஏ2 சிப்பாய காப்பாத்த முடியாம திணற, ஐயா நாற்காலிய இழுத்து பக்கத்துல போட்டுக்கிட்டாங்க. "முதல் இன்னும் வரல, வட்டி வந்துக்கிட்டே இருக்கே"ன்னாங்க.