வலை எங்கே முடிகிறது?

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர் மைதானத்தில் பின்னேரம் என்றால் கரப்பந்தாட்டம்தான். சென்ற வருடம் நாலைந்து பேருக்கு டெனிஸ் ஆசை பிடித்தது. இரவல் வலை ஒன்றைக் கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு, இருவராக ஒற்றையர் ஆட்டம் தொடங்கினோம். அரைமணி நேரத்துக்குள் சண்டை. நான் அடித்த பந்து ஓரக்கோட்டைத் தாண்டிப் போய், கம்பத்துக்குக் கிட்ட வலையின் மேற்கரையில் பட்டு, துள்ளி, எதிர்ப்பக்கக் கோட்டுக்குள் விழுந்தது.

"வலையில் பட்டு உள்ளே விழுந்தால் சரிதானே?" என்றேன்.

"அது வலையே இல்லை, தம்பி" என்றார் ஓரத்தில் இருந்த மாஸ்டர்.

கண்ணெதிரே தொங்குவது வலை இல்லையாம். எரிச்சல்தான் வந்தது. ஆனால் விதிநூலைப் படித்தபோது, மாஸ்டர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: இரண்டு தடிகள்.

டெனிஸ் தளத்தின் அகலம் இரட்டையருக்கு 10.97 மீற்றர், ஒற்றையருக்கு 8.23 மீற்றர். கம்பங்கள் கோட்டிலிருந்து 91.4 சென்ரிமீற்றர் வெளியே நிற்கும். ஆகவே இரட்டையர் தளத்தில் கம்பத்துக்குக் கம்பம் 12.8 மீற்றர். கம்பத்தருகே வலையின் உயரம் 1.07 மீற்றர், நடுவில் 91.4 சென்ரிமீற்றர். அதே வலையில் ஒற்றையர் ஆடுவதென்றால், ஒற்றையர் கோட்டிலிருந்து 91.4 சென்ரிமீற்றர் தள்ளி இருபுறமும் ஒவ்வொரு தடி நட்டு, வலையை அங்கே 1.07 மீற்றருக்கு உயர்த்த வேண்டும். உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு தொய்ந்தால் கவருள்ள தடி ஒன்றை முட்டுக்கொடுப்போமே, அதே வேலைதான்.

முட்டு ஏன் தேவை என்பது கயிற்றின் குணத்தில் இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு இடையே தொய்வாக விட்ட கயிறு ஒரு வில் போல வளைந்து தொங்கும். டெனிஸ் வலை அப்படித் தொங்கக் கூடாது. மேற்கயிற்றை முறுக்கி இழுத்து, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டியால் நிலத்தோடு பிணைத்துக் கீழே இறக்குவார்கள். அப்போது கயிறு வளைவதில்லை. நடுவிலிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய நேர்கோடாக ஏறுகிறது.

இந்த ஏற்றம் எங்கே முடிகிறது என்பதுதான் கணக்கு. தூரத்துக் கம்பத்தில் முடிந்தால் சரிவு மெல்லியது. ஒற்றையர் ஓரக்கோட்டுக்கு மேலே வலை சுமார் 101.4 சென்ரிமீற்றர். தடி நட்டால் ஏற்றம் கிட்டவே முடிகிறது; அதே இடத்தில் 104.2. வித்தியாசம் மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. டெனிஸ் பந்தின் விட்டம் 6.54 முதல் 6.86 சென்ரிமீற்றர். அரைப் பந்துக்கும் குறைவு என்று அலட்சியம் செய்யலாம்தான். ஆனால் ஓரக்கோட்டோடு நேராக அடிப்பவன் வலையின் உயர்ந்த பகுதியைத் தாண்ட வேண்டும், மூலைவிட்டமாக அடிப்பவனுக்குத் தாழ்ந்த நடுப்பகுதி கிடைக்கும் என்பது ஆட்டத்தின் அடிப்படைப் பேரம். தடி இல்லாவிட்டால் முதலாமவனுக்குச் சலுகை.

எங்கள் வலைக்கு நடுப்பட்டியும் இல்லை. நடு உயரம் சரியாக வரும்வரை கயிற்றைத் தளர்த்தியிருந்தோம். வில்லாகத் தொங்கிய அந்த வலை ஓரக்கோட்டில் 98 சென்ரிமீற்றர்தான் இருந்திருக்கும். இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய முழுப் பந்தளவு குறைவு. அன்று நேர் அடியில் நான் எடுத்த புள்ளிகளைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன்.

தடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது எல்லைக்கல். தடி நட்ட கணத்தில், அதற்கு வெளியே உள்ள வலைத்துண்டும் கம்பமும் வலை என்ற தகுதியை இழக்கின்றன. விதிப்படி அவை நிரந்தரப் பொருள்கள். நடுவரின் கதிரையும் பார்வையாளர் இருக்கையும் போல. நிலத்தில் படுமுன் பந்து அவற்றில் பட்டால், அடித்தவருக்குப் புள்ளி போய்விடும், பிறகு எங்கே விழுந்தாலும் சரி. ஒரு முழம் உள்ளே, தடியிலேயே பட்டு எதிர்ப்பக்கம் கோட்டுக்குள் விழுந்தால் நல்ல அடி. ஆனால் சேர்விஸில் இந்தத் தயவு இல்லை: வலையில் உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் மறுபடி போடலாம், தடியில் பட்டால் பிழை.

கரப்பந்துக்காரருக்கு இதைவிட வியப்பானது ஒன்று. அங்கே எதிரணிக்கு அனுப்பும் பந்து அன்டெனாவுக்கு, அதாவது வலையின் இரு ஓரத்திலும் நிமிர்ந்து நிற்கும் குச்சிக்கு, வெளியால் போனால் பிழை. டெனிஸில் பந்து கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, வலையின் உயரத்துக்கும் கீழாகவே போய்க் கோட்டுக்குள் விழலாம். எங்கள் பையன்கள் இதை இன்னும் நம்பவில்லை.

இப்போது பூவரசில் இரண்டு கவர்த்தடிகள் வெட்டி வைத்திருக்கிறோம். தடியின் தடிப்பு 7.5 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. ஒன்றைச் சீவ வேண்டியிருந்தது. மேற்கயிற்றுக்கு மேலே 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. கவரின் கொம்புகளை வாளால் அரிந்துவிட்டு, மாஸ்டர் அளவுநாடாவோடு வரட்டும் என்று காத்திருக்கிறோம்.